முதலில் அத்தான் வரட்டும்

அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பப்போகிறது என்று டிவியில் சொன்ன அன்று, எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊரில், ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்து வந்த மாதங்களில் அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. துப்பாக்கி தூக்குகிற வேலை இல்லை. படை என்று ஒன்று இருந்தால் அதற்குச் சோறு ஆக்க வேண்டும், துணி வெளுக்க வேண்டும், லாரியில் வருவதை இறக்கி அடுக்க வேண்டும். அதற்கெல்லாம் ஒரு கம்பெனி துபாய் வழியாக ஆள் எடுத்தது. கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் முதலில் போய்ச் சாப்பாட்டுக்கூடத்தில் சேர்ந்தார். பிறகு தம்பியையும் இழுத்துக்கொண்டார். என் கணவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி குடோனில் லோடு அனுப்பிக்கொண்டிருந்தவர் என்பதால் அவரை யார்டில் போட்டார்கள். யார்டு என்றால் கன்டெய்னர்களும் மரப்பெட்டிகளும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அடுக்கிக் கிடக்கிற பொட்டல். எந்த முகாம், பக்கத்தில் எந்த ஊர் என்று வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனி கையெழுத்து வாங்கியிருந்தது. அதனால் எங்கள் வீட்டில் அதற்குக் ‘கேம்ப்’ என்றுதான் பெயர். மாமியார் மட்டும் ‘சண்டைக்காடு’ என்பார்.

மாமனார் கட்டிய வீடு. நடுவில் ஒரு முற்றம், இந்தப் பக்கம் இரண்டு அறை அவர்களுக்கு, அந்தப் பக்கம் இரண்டு அறை எங்களுக்கு, அடுப்படி பொது. அந்த வீட்டில் எதுவும் மூத்தவருக்குத்தான் முதலில். கறி எடுத்தால் நல்லி எலும்பு அவர் தட்டுக்குப் போகும். தீபாவளித் துணியில் முதலில் எடுப்பது அவர். டிராக்டர் வந்தால் அவர் பங்கு நிலத்தை உழுதுவிட்டுத்தான் எங்கள் பங்குக்கு வரும். இதில் தனக்கு ஒரு வருத்தமும் இருந்ததாக என் கணவர் காட்டிக்கொண்டதில்லை. எனக்கு இருந்தது, நன்றாகவே இருந்தது. நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் சரிபாதியாகப் பிரித்துத்தான் எனக்குப் பழக்கம்.

படை கிளம்புவது முடிவான பிறகு இவருடைய வேலை மாறிவிட்டது. காலி செய்வதற்குத் திட்டம் போடும் அறையில் இவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். திட்டம் போடுகிறவர்கள் அதிகாரிகள்தான். ஆனால் எது எந்த மூலையில் கிடக்கிறது, எதை நகர்த்த எத்தனை லாரி வேண்டும், எந்தப் பெட்டியை எடுத்தால் எது சரியும் என்று சொல்வதற்கு யார்டிலிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் இவர்.

சாயங்காலம் வீடியோ காலில் வந்தால் அந்தப் பேச்சுத்தான். படையை உள்ளே கொண்டுவருவது லேசு, வெளியே எடுப்பதுதான் பாடு என்பார். இருக்கிற சாமானை எல்லாம் மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். விமானத்தில் அமெரிக்காவுக்குப் போவது, ஆப்கானிஸ்தான் படைக்குக் கொடுத்துவிட்டு வருவது, யார் கைக்கும் போகக் கூடாது என்று உடைத்து நொறுக்குவது. திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். கடைசி விமானத்தில் ஏறப்போகிறவர்களுக்கு அதுவரை தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும், காவல் வேண்டும். அந்த நாளைக் குறித்துவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னுக்கு வந்து, எதை எப்போது மூடலாம் என்று பார்க்க வேண்டும். முதலில் காபிக் கடையும் முடிவெட்டுகிற கடையும் போகும். அப்புறம் சலவை. அப்புறம் சுடுசோறு நின்று பாக்கெட் சாப்பாடு வரும். ஜெனரேட்டர் கடைசி.

“நம்ம ஊரு கோயில் கொடைக்குப் போட்ட பந்தலைப் பிரிக்கிற மாதிரிதான். ஆனா கொடை நடந்துக்கிட்டு இருக்கும்போதே பிரிக்கணும், கும்பிட வந்தவனுக்குத் தெரியவும் கூடாது” என்றார்.

ஒரு அதிகாரி இவரிடம் உன் ஊர் எது என்று கேட்டாராம். ஊர் பேரைச் சொன்னால் தெரியாது என்று பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லி, எப்போதும்வென்றான் என்றால் என்ன அர்த்தம் என்பதையும் இவர் விளக்கியிருக்கிறார். அந்த மனிதர், திரும்பிப்போகிற வேலைக்கு அந்த ஊர்ப்பக்கத்து ஆளை வைத்தது எங்கள் தப்பு என்றாராம். இவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கும் அந்தக் கதைகளைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. விடையிலிருந்து பின்னால் வருகிற கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மகளுக்கு முன்பல் விழுந்த செய்தியைச் சொன்னால் ‘ம்’ என்பார். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பழுதான கதையை விலாவாரியாகச் சொல்வார். வேலை அதிகம், பாவம் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணனும் தம்பியும் சேர்ந்து கூப்பிட்டார்கள். பொதுவில் பேச வேண்டியதென்றால் மாமியாருடைய போனுக்குத்தான் வரும், ஸ்பீக்கரில் போட்டு கிரைண்டர்மேல் சாய்த்து வைப்போம். என் கணவர்தான் பேசினார். பங்குனியில் முதல் கூட்டத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் பாதிப் பேருக்கு இனி வேலை இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவர் அந்தக் கூட்டத்தோடு கிளம்பலாம், ஒருவர் யார்டைக் காலி செய்து முடிக்கிறவரை, அதாவது கடைசிவரை, இருக்க வேண்டும். அத்தானும் இடையில் கொஞ்ச காலம் யார்டில் வேலை பார்த்தவர் என்பதால் யார் இருந்தாலும் சரி, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று மேலதிகாரி விட்டுவிட்டார். “அண்ணன் வரட்டுமா, நான் வரட்டுமா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. மாமனார், மாமியார், ஓரகத்தி எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் இரண்டு இட்லி வைக்க வந்தால் போதும் போதும் என்று கையால் இலையை மறைப்போம். வைக்க வந்தவர் அதை நம்பிப் போய்விடக் கூடாது. மறுபடி கேட்க வேண்டும், நாம் மறுபடி மறுக்க வேண்டும், அப்புறம் அவர் கொஞ்சம் கோபப்பட வேண்டும், அப்போதுதான் கை விலகும். பஸ்ஸில் சீட்டுக்கும் அப்படித்தான், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலிக்கும் அப்படித்தான். இது தெரியாதவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் பட்டினிதான் கிடக்க வேண்டும். இந்த முறைப்படி இளையவள் நான் விட்டுக்கொடுக்க வேண்டும், மூத்தவள் அதை மறுக்க வேண்டும்.

நான் என் பங்கைச் சரியாகச் செய்தேன். “மொதல்ல அத்தான் வரட்டும். அவியதான மூத்தவிய” என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இனி அக்கா, ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ‘அதெல்லாம் வேண்டாம், தம்பிதான் வரணும், பிள்ளை சின்னது’ என்று சொல்ல வேண்டும். நான் ஐயையோ என்று மறுக்க வேண்டும். மாமியார் நடுவில் வந்து, மூத்தவள் சொல்வதைக் கேளு என்று என்னை அதட்ட வேண்டும். அப்படியாக என் கணவர் பங்குனியில் வீடு வந்து சேர வேண்டும். இவ்வளவும் என் மனதில் அந்த நொடியில் நடந்து முடிந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து போனைப் பார்த்து, “சரி, அப்படியே செய்யச் சொல்லுங்க அத்தை” என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. இலையை மறைத்த கை மறைத்தபடியே இருக்க, இட்லித் தட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டது. நான் போனில் என் கணவர் முகத்தைத் தேடினேன். இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு என் குரலில் எது ஆசை, எது மரியாதை என்று தெரியாமலா இருக்கும். அவர் தலையை ஆட்டி, நல்லது, அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார். பின்னால் அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் நெட் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. மாமியார், இளையவள் குணம் யாருக்கு வரும் என்று என்னைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

அத்தான் வந்து இறங்கினார். கொரோனா காலம் என்பதால் முதல் சில நாள் அறைக்குள்ளேயே இருந்தார். அக்கா வாசலில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்து நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நோய் வந்தால் வரட்டும் என்று ஒரு நாள் அவளே உள்ளே போய்விட்டாள். எனக்கு அதிலிருந்தே ஆரம்பித்தது.

முற்றத்துக் கொடியில் நாங்கள் இரண்டு பேரும் துணி காயப்போடுவோம். இத்தனை வருஷமாக அதில் சேலை, நைட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்ம், மாமனாரின் வேட்டி. இப்போது அவள் பக்கத்தில் ஒரு ஆணின் சட்டை தொங்கியது. அதை அவள் உதறி, கையை நீவிவிட்டு, காலரை மடித்துப் போடுகிற அழகைப் பார்க்க முடியாமல் நான் என் துணியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். மீன் வாடையே ஆகாது என்றவள், கடற்கரையிலிருந்து பைக்கில் வரும் மீன்காரரை நிறுத்திச் சீலா வாங்கினாள். மத்தியானம் அவர்கள் அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விளாத்திகுளத்துக்கு வண்டியில் போய்வருவார்கள், அவள் தலையில் பூ இருக்கும். புதியம்புத்தூரிலிருந்து புது நைட்டி நான்கைந்து எடுத்துவந்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதை நான் இதுவரை போடவில்லை.

என் மகள் கடைக்குப் போகப் பெரியப்பாவின் வண்டியில் ஏறினாள். முன்னால் டேங்க்மேல் உட்கார்ந்து, ஹாரனை அவளே அடித்துக்கொண்டு போவாள். அத்தான் நல்ல மனுஷர், என் மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு வேண்டியதைச் செய்ய அவளுடைய அப்பா இருக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். என் கணவர் அவரிடம் கொடுத்துவிட்ட பெட்டியில் எனக்கு ஒரு கம்பளி, காபித்தூள் டின், சோப்பு எல்லாம் இருந்தன. அக்காவுக்கு வந்ததும் அதே கம்பளி, அதே காபித்தூள், அதே சோப்பு. அவளுக்குக் கூடுதலாக ஒரு புருஷனும் வந்திருந்தார்.

இது பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அங்கே கேம்ப் சுருங்கிக்கொண்டே வந்தது. சலவை நின்றது, இவர் தன் துணியைத் தானே வாளியில் அலசினார். சுடுசோறு நின்றது. பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றினால் அதுவே சூடாகிறது என்று காட்டினார். டிவிப் பெட்டிகளையும் ஏ.சி.க்களையும் இயந்திரத்தில் போட்டு நசுக்குகிறார்கள், வேலிக்கு வெளியே ஊர்க்காரர்கள் அந்தத் தகரத்துக்காகக் காத்து நிற்கிறார்கள் என்றார். நல்ல கட்டில்களை நொறுக்குவதைப் பார்க்கத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம். போன் வருவது குறைந்தது. டிவியில் தினமும் ஒரு ஊர் கை மாறியது. அந்த நாட்டின் வரைபடத்தில் சிவப்புக் கறை பரவுவதைக் காட்டுவார்கள், இவர் இருக்கிற இடம் எது என்று எனக்கு உத்தேசமாகத்தான் தெரியும். ராக்கெட் விழுந்தது என்று சொன்னால் எங்கே என்று முழுசாகச் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் அத்தான் இருமுகிற சத்தம் கேட்கும். இருமினாலும் அவர் இங்கே இருந்து இருமுகிறார் என்று நினைப்பேன்.

அந்த வருஷம் வத்தல் நன்றாக வந்திருந்தது. காய்ந்த மிளகாயை நாங்கள் வத்தல் என்போம். களத்தில் காய்ந்ததை முற்றத்தில் கொட்டி, வெளுத்துப்போன சோடை வத்தலைத் தனியாகப் பொறுக்க வேண்டும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் நானும் உட்கார்ந்தேன். எதிரே அக்கா. காந்தல் கையிலும் மூக்கிலும் ஏறியிருந்தது, அதற்கு முந்தின நாள் இவர் போனில் கிடைக்கவில்லை. நான் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“நா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். நீங்க ஒரு பேச்சுக்காவது வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா.”

அக்காவுக்கு எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. வத்தலிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

“நீ பேச்சுக்குச் சொல்லுதேன்னு எனக்கும் தெரியும்ட்டி. நா வேண்டாம்னு சொல்லி, நீங்க எல்லாரும் சரின்னுட்டா நா எங்கன போவேன்? எனக்கு எம் புருஷன் வேணும்னு இருந்துச்சு, சரின்னேன். வேணும்னா வேணும்னு சொல்லணும். ஒன் வாய யாரும் பொத்தலையே.”

 எழுந்து போய்க் கையைக் கழுவினேன். காந்தல் போகவில்லை. அவள் சொன்னதில் தப்பு இருந்தால் நான் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அவள் மரியாதையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தத் துணிச்சல் எனக்கு வராது என்று தெரிந்தபோது, அவள் புருஷன் வந்ததைவிட அதன்மேல்தான் எனக்கு அதிகமாக எரிந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ‘உப்பு எடு’, ‘பால் வந்துட்டு’ என்கிற அளவில்தான் பேச்சு.

ஆனால் அவள் பேச்சில் எனக்கு ஒரு பிடிப்பும் கிடைத்தது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவர் வந்திருப்பார், கேட்காததுதான் தப்பு. இதையே சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன். சாகிறவரை இனி எதையும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை என்று தீர்மானம்கூடச் செய்தேன்.

ஆடியில் ஒரு வாரம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெரிய பெரிய கேம்ப்களை எல்லாம் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று டிவியில் காட்டினார்கள். ஆளில்லாத சாலை, திறந்து கிடக்கிற கேட், உள்ளே ஓடிப் பொறுக்குகிற கூட்டம். அதில் எது இவருடைய யார்டு என்று நான் தேடினேன். மாமியார் குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். அக்கா கஞ்சி வைத்து எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, வந்துருவாவ, கண்ணத் தொடச்சுக்கோ என்றாள். அவளால் ஆறுதல் சொல்ல முடிந்தது, அவளுடையவர் அப்போது வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். கஞ்சியைக் குடித்தேன். நன்றி சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில் துபாயிலிருந்து ஒரு வரி வந்தது, வந்து சேர்ந்துவிட்டேன் என்று. நான் போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அந்த நேரத்தில் எனக்கு யார்மேலும் எந்தப் பொறாமையும் இல்லை.

அவர் வீட்டுக்கு வந்த அன்று கொடியில் நானும் ஒரு சட்டை காயப்போட்டேன். உதறி, கையை நீவி, காலரை மடித்துப் போட்டேன். அக்கா பார்க்கிறாளா என்றும் பார்த்தேன்.

வந்தவர் வந்த மாதிரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூங்கினார், சாப்பிட்டார், மகளோடு விளையாடினார். ஆனால் கை சும்மா இருந்தால் போனை எடுத்து ஒரே படத்தைப் பார்ப்பார். எல்லோருக்கும் அதைக் காட்டினார். ஒரு பொட்டல், ஒன்றுமே இல்லை, தூரத்தில் மலை. மாமனார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, என்னடே வெறும் பொட்டக்காடாக இருக்கிறது என்றார். அது முழுக்கச் சாமானாக இருந்தது, ஒரு பெட்டி மிச்சமில்லாமல் எடுத்தது நாங்கள்தான் என்று இவர் சொன்னபோது, மாமனார் அத்தான் பக்கம் திரும்பி, இந்த வருஷம் தெற்குக் காட்டில் மக்காச்சோளம் போடலாமா உளுந்து போடலாமா என்று கேட்டார். இவர் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முதல் தட்டு அத்தானுக்குப் போனது. இவர் தன் தட்டு வருகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பங்கு நிலத்தைப் பார்க்கப் போனோம். அன்றுதான் டிராக்டர் உழுதுவிட்டுப் போயிருந்தது. மழைக்கு முன்னால் கரிசல் கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்தது. வரப்பில் ஒரு உடைமரத்து நிழலில் உட்கார்ந்தோம். தனியாக அப்படி உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்கு மனது நிறைந்திருந்தது, நிறைந்த மனதில்தான் பழைய கணக்கைத் தீர்க்கத் தோன்றும்போல. அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, மீன், நைட்டி, வத்தல் பொறுக்கும்போது அவள் சொன்ன பதில். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அக்காவ விடுங்க. நீங்களாவது புரிஞ்சிருக்கலாம்லா. நா ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன்” என்றேன்.

“புரிஞ்சுச்சு” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் செருப்பில் ஒட்டிய மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். போனில் படம் நின்ற அன்று இரவே அத்தான் இவருடைய அறைக்கு வந்திருக்கிறார். நீ போடே, பிள்ளை சின்னது, யார்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இவர் மாட்டேன் என்றதும் மறுபடி சொல்லியிருக்கிறார், மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் வைத்துக் கோபமாகவும் சொல்லியிருக்கிறார். முறைப்படி ஒரு மூத்தவர் என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையும் அத்தான் செய்திருக்கிறார். இவர்தான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. வீட்டிலேயே அண்ணனைத்தான் வரச் சொல்லிவிட்டார்கள், இனி மாற்ற முடியாது என்று என் வார்த்தையைக் காட்டி அவர் வாயை அடைத்திருக்கிறார்.

“நீ சொன்னது எனக்குச் சௌரியமாப் போச்சு” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.  அவர் உழுத காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அங்கன என்னைக் கேக்காம ஒரு பெட்டி நகராது. கர்னலே எந்திச்சு வந்து என் பக்கத்துல நின்னு கேப்பாரு. இங்கன என்கிட்ட யாரு என்னத்தக் கேக்கா? அந்த வேலைய முடியுத வரைக்கும் இருந்து நானே முடிக்கணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல.”

அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. நல்லி எலும்பு அண்ணன் தட்டுக்குப் போவதைப் பார்த்து நானே எத்தனையோ தடவை கொதித்திருக்கிறேன். அவருக்கு வருத்தமே இல்லை என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம். ஆனால் புரிந்தது என்பதற்காக எரிச்சல் அடங்கிவிடவில்லை. அக்கா என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, இத்தனை மாதம் அவளை நான் சும்மாவே கரித்துக்கொட்டியிருக்கிறேன் என்று தெரிந்தும் மனது லேசாகவில்லை. என் வயிற்றெரிச்சல் அவளை விட்டுவிட்டு அந்த யார்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கர்னல், அந்த ஃபோர்க்லிஃப்ட், அந்தப் பெட்டிகள், போனில் அவர் பார்க்கிற அந்தப் பொட்டல். அது ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருப்பேன்.

எனக்குக் கடைசியாக ஒரு பிடிப்பு மிச்சம் இருந்தது. அதையும் கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

“அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் நா வாய தொறந்து, நீங்கதான் வரணும், எனக்கு நீங்க வேணும்னு சொல்லிருந்தா?”

அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு பேச்சுக்காவது மாற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“வேற ஏதாவது காரணம் சொல்லி அங்கனயே இருந்துருப்பேன்” என்றார்.